சுண்டெலியின் முறை

போன வாரம் அப்பாவைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மனுஷன் செய்தது தப்புதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. சுண்டெலியைப் பெற்றவள் வரப்போகிறாள் என்று தொலைபேசியில் வந்த செய்தியைப் பெண்டாட்டியிடம் சொல்லாமல் வாயில் போட்டு மென்றுகொண்டே திரிந்தார். கடைசியில் சொன்ன நேரமாவது நல்ல நேரமா? பள்ளிக்கூட வேன் வருகிற அவசரத்தில், அம்மா குளியலறை வாசலில் நின்று பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, "சுண்டெலியோட அம்மா இன்னைக்கு வர்றாங்களாம்" என்றார். துணி காயப்போடுகிற கொடி அறுந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். சொன்ன கையோடு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இது ஒரு குழந்தைகள் இல்லம். ஒரே வளாகத்துக்குள் பல வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அம்மா, ஓர் அப்பா, கைகொள்ளாத பிள்ளைகள். நம் வீட்டில் ஒரு டஜன் பேர். அதில் ஒருத்தி மட்டும் அம்மாவின் வயிற்றில் பிறந்தவள். அவளைப் 'பெரியவள்' என்பார்கள், பத்தாவது படிக்கிறாள். கடைக்குட்டிதான் சுண்டெலி. துண்டில் சுற்றிய கைக்குழந்தையாக ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அம்மாவின் கைக்கு வந்தவள். இப்போது ஐந்து வயது. ஆள்தான் சுண்டெலி, குரல் எட்டு ஊருக்குக் கேட்கும்.

அப்பா சொன்னதும் சீப்பு அப்படியே நின்றது. அதில் மாட்டியிருந்த தலை, வலிக்கிறது என்று முனகியது. அந்தத் தலைக்குப் பின்னால் இன்னும் சில தலைகள் ஈரம் சொட்டச் சொட்டக் காத்திருந்தன. அம்மா தாழ்ப்பாள் போட்ட கதவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சீப்பை மறுபடி ஓட்டினாள்.

நின்று சண்டை போடக்கூட நேரம் தராத உத்தியோகம் அது. புருஷன் பெண்டாட்டி கோபத்தையெல்லாம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று ஒத்திப்போடுவார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் எதற்குக் கோபம் என்பதே மறந்திருக்கும். இன்றைக்கு மறக்கிற மாதிரி இல்லை.

அதற்குள் ஒட்டடைக்குச்சிக்கு ஒரு கால் ஷூவைக் காணோம். நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டே போகிற பையன். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அது துணி துவைக்கிற இயந்திரத்துக்குள்ளிருந்து, சுத்தமாகத் துவைக்கப்பட்டு வெளியே வந்தது. யார் போட்டது என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் அந்த நேரம் பார்த்து மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். ஈர ஷூவோடு அவன் சளக் சளக் என்று கிளம்பினான்.

இன்னொருவன் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தான். அம்மா அவன் வயிற்றில் கை வைத்து, "வலி இங்கயா, கணக்குப் பரீட்சையிலயா?" என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துப் பரீட்சையில்தான் என்று ஒப்புக்கொண்டான். இந்தப் பையன் வந்த புதிதில் யாராவது கையைத் தூக்கினாலே மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். இப்போது பொய் வலி சொல்லிக் கொஞ்சல் வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டான். அம்மாவுக்கு இதெல்லாம்தான் சம்பளம். அவன் நெற்றியில் ஒரு முத்தம் வைத்து வேனில் தூக்கிப் போட்டாள்.

பெரியவளுக்கும் அன்றைக்குப் பரீட்சை. படியிறங்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை, போய் நல்லா எழுது என்றாள் அம்மா. அந்த வீட்டில் ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அது பெரியவளுக்குத் தெரியும். ஆனால் வேன் ஹாரன் அடித்துவிட்டது.

எல்லாரும் போன வீட்டில் சுண்டெலி மட்டும் மிச்சம். தன்னை மட்டும் ஏன் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை என்று கேட்டாள். பார்க்க ஓர் ஆன்ட்டி வருகிறார்கள் என்றாள் அம்மா. பொய் இல்லை, உண்மையில் பாதி. முதல் தடவை வரும்போது இன்னார் என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்பது மேலே இருக்கிறவர்கள் போட்ட விதி. ஆசை காட்டிவிட்டு அடுத்த தடவை வராமல் போகிறவர்கள் உண்டு. பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"அப்ப இன்னைக்கு என் முறை" என்றாள் சுண்டெலி. சொல்லிவிட்டு முகம் கழுவ ஓடினாள்.

இந்த முறை என்பது அம்மாவே கண்டுபிடித்தது. அவளும் அப்பாவும் இந்த வீட்டுக்குப் பொறுப்பேற்று வந்த புதிதில், விருந்தாளி யாராவது வந்தால் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். சிலது சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும். வந்தவர்களும் காட்சிசாலைக்கு வந்த மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் வீட்டுக்கு வந்தால் நாம்தான் வரவேற்க வேண்டும், நாம்தான் சுற்றிக் காட்ட வேண்டும் என்று சொல்லிப் பழக்கினாள். வருகிறவருக்கு ஒரு பிள்ளை, முறை வைத்து. வாசலுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உன் கட்டிலைக் காட்டு, அலமாரியைக் காட்டு, வீட்டில் எது உனக்குப் பிடிக்குமோ அதைக் காட்டு. உட்கார்ந்தால் தள்ளி உட்காராதே, பக்கத்தில் உட்கார். தண்ணீர் வேண்டுமா என்று கேள்.

பிள்ளைகள் நிமிர்ந்துவிட்டார்கள். மற்ற வீட்டு அம்மாக்கள் வந்து பார்த்து, தங்கள் வீட்டிலும் அதையே ஆரம்பித்தார்கள். அதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் சுண்டெலி. அவள் முறை வந்தால் வந்தவர் கண்ணைத் துடைக்காமல் போனதே இல்லை.

குளித்துவிட்டு வெளியே வந்த அப்பா சமையலறையில் மாட்டிக்கொண்டார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். சொன்னால் தூங்க மாட்டாய் என்றார். இப்போது மட்டும் என்ன, தாலாட்டா கேட்கிறது என்றாள் அவள். இந்த வேலைக்கு வருவதற்கு முன் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர் அவர். வண்டி பழுதாகி நின்றால் பயணிகளிடம் கடைசி நிமிஷம்வரை சொல்லாமல், இதோ கிளம்பிடும் என்று சமாளித்த பழக்கம் இன்னும் விடவில்லை.

பிறகு மெதுவாக, இன்றைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் என்றார். அதுதான் நடைமுறை. முதலில் பார்ப்பது. அப்புறம் அரைநாள் வெளியே கூட்டிப்போவது. அப்புறம் ஓர் இரவு. அப்புறம் வாரக் கடைசி. பிள்ளைக்குப் பழகியதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் ஒரேயடியாக அனுப்புவது. எதிர் வீட்டுப் பையன் ஒருவன் விஷயத்தில் இது ஏறக்குறைய ஒரு வருஷம் இழுத்தது.

ஒரு வருஷம் என்றதும் அம்மாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஒரு வருஷத்தில் என்னென்னவோ நடக்கும். மனசைத் தேற்றிக்கொள்ளவும் ஒரு வருஷம் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்து ஒரு பிரச்சினை. என்ன கவுன் போடுவது? சிவப்புக் கவுனில் சுண்டெலியைப் பார்த்தால் எந்தக் கல்லுக்கும் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். பழைய நீலத்தைப் போட்டால் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்பார்கள். அம்மா நீலத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் சிவப்பையே தேய்த்துப் போட்டுவிட்டாள். இத்தனை வருஷம் வளர்த்த கை, பிள்ளையை அரைகுறையாக நிறுத்த அதற்குத் தெரியவில்லை.

வந்தார்கள். முன்னால் குழந்தைகள் நலத் துறை அதிகாரி. அவர் முதுகுக்குப் பின்னால், தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண்.

அம்மா ஒரு ராட்சசியை எதிர்பார்த்திருந்தாள் என்பதை மறைப்பானேன். ஐந்து வருஷம் எட்டிப் பார்க்காதவள், இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருகிறாள் என்று மனசுக்குள் ஒரு நீளமான வசனம் தயாராக இருந்தது. வந்தவளோ சின்னப் பெண். சட்டை தைக்கிற தொழிற்சாலையில் காலர் மட்டும் தைக்கிற வேலையாம். பிள்ளை பிறந்த கையோடு மனசு கலங்கிப் போய், யாரும் ஏனென்று கேட்க ஆளில்லாமல், வருஷக்கணக்கில் வைத்தியத்தில் இருந்துவிட்டு எழுந்து வந்தவள். இந்தச் சந்திப்புக்கென்றே புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள் போல, அது குதிகாலைக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கோபப்படுவதற்குத் தோதாக அவளிடம் ஒன்றுமே இல்லை. தயார் செய்த வசனம் வீணாய்ப் போனது. "உள்ள வாம்மா" என்றுதான் அம்மாவுக்குச் சொல்ல வந்தது.

சுண்டெலி முந்திக்கொண்டாள். வந்தவளின் கையிலிருந்த செருப்பை வாங்கி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். பிறகு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க ஆன்ட்டி. எங்க வீட்டைக் காட்டுறேன்."

பெற்றவள் அந்தச் சின்னக் கையைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள்.

சுற்றுலா ஆரம்பமானது. இது என் கட்டில், இது பெரியக்கா கட்டில், ராத்திரி கனவு வந்தா நான் அந்தக் கட்டிலுக்குப் போயிடுவேன். இந்தக் குழாயை ஒரு குத்துக் குத்தினாத்தான் தண்ணி வரும், குத்திப் பாருங்க. கடிகாரத்துக்குப் பின்னாடி ஒரு பல்லி இருக்கு, நாம பேசாம நின்னா வரும். இருவரும் பேசாமல் நின்றார்கள். பல்லி வந்தது. பெற்றவள் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கன்னத்தில் விழுந்த குழி சுண்டெலியின் கன்னத்தில் விழுகிற அதே குழி, அதே பக்கம். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து பெரிய அறையில் உட்கார்ந்தார்கள். சுண்டெலி ஒட்டி உட்கார்ந்தாள். வந்தவளின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்குக் கால் வலிக்குதா, தண்ணி கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

அம்மா தட்டில் தேநீர் எடுத்துக்கொண்டு வாசல்படி தாண்டும்போதுதான் பெற்றவள் அதைச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

"அவளுக்கு என்னைத் தெரியுது சார். யாரும் சொல்லாமலே என்னை அடையாளம் கண்டுபிடிச்சிட்டா."

அப்பா சட்டென்று திரும்பி வாயைத் திறந்தார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஏன் ஆட்டினாய் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. ஐந்து வருஷத்தில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் சந்தோஷமாக இருக்கலாம் அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, இல்லையம்மா, இது நான் சொல்லிக்கொடுத்தது, தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவருக்கும் இதே மரியாதைதான் என்று எப்படிச் சொல்வது?

சொல்லியிருக்கலாம். ஏனென்றால் அடுத்த நிமிஷம் அதிகாரி, கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று இருவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

நல்ல மனிதர்தான் அவர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு சந்திப்பை நான் பார்த்ததில்லை என்றார். பெற்றவளைக் கண்டதும் கத்துகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாராம், கடித்து வைத்த பிள்ளையைப் பார்த்திருக்கிறாராம். இங்கே பார்த்த வினாடியே பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் பழக்குவதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பெண் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையைப் போய்ப் பார்த்தாகிவிட்டது. வைத்தியர் சரி என்றுவிட்டார். தொழிற்சாலையில் அடிக்கடி விடுப்பும் தர மாட்டார்கள். நடைமுறை என்பது பழகாத பிள்ளைகளுக்குத்தான், அதைத் தளர்த்த தனக்கு அதிகாரம் உண்டு என்றார்.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போகட்டும்னு நினைக்கிறேன்."

அம்மா கையில் இன்னும் அந்தத் தட்டு இருந்தது. அப்பா தட்டை வாங்கிக்கொண்டார்.

பிறகு அப்பா சொல்லத்தான் செய்தார். முறை வைத்து அனுப்புவது, கையைப் பிடிப்பது, பக்கத்தில் உட்காருவது எல்லாம். அவசரத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது ஏதோ கட்டுக்கதை மாதிரி ஒலித்தது. பல்லியும் சொல்லிக்கொடுத்ததுதானா என்று அதிகாரி கேட்டார். பல்லி அவளாகக் காட்டியது என்று அப்பா ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதிகாரி அவர் தோளில் கை வைத்தார். "இத்தனை வருஷம் வளர்த்திருக்கீங்க. அனுப்பணும்னா வலிக்கத்தான் செய்யும். அதுக்காகக் காரணம் தேடக் கூடாதுங்க. பிள்ளை பெத்தவகிட்ட இருக்கட்டும்."

பிள்ளை பெற்றவளிடம் இருக்கக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? அப்பா இல்லத்தின் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார். அதிகாரி சொன்னால் சரிதான், நம் கையில் என்ன இருக்கிறது என்று அங்கிருந்து பதில் வந்தது. மேலே கேட்பதற்குள் இணைப்பும் போய்விட்டது.

அம்மா உள்ளே போய்ச் சுண்டெலியின் அலமாரியைத் திறந்தாள். எதை எடுத்து வைப்பது? ஸ்வெட்டரை எடுத்தாள். அந்த அறையில் குளிருமா? காது வலிக்கு ஊற்றுகிற மருந்து. அதை எப்படி ஊற்றுவது, ஊற்றும்போது என்ன பாட்டுப் பாடினால் அசையாமல் படுப்பாள் என்பதை யாருக்கு எப்போது சொல்லிக்கொடுப்பது? எச்சில் தொட்டு மூக்கைத் துடைத்தால் பிடிக்காது. சோற்றில் கேரட்டைக் கண்டால் காதுக்குள் போட்டுக்கொள்வாள், இரண்டு தடவை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஒரு வருஷத்தில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்த விஷயங்கள் இவை. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அம்மா அழுதாள். வாய்விட்டு அழ முடியாது, பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பெரியவள் பரீட்சை முடிந்து அப்போதுதான் வந்தாள். அம்மாவின் கையில் ஸ்வெட்டரையும், கட்டிலின் மேல் திறந்து கிடந்த பையையும் பார்த்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்த பை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. யாரு, என்று மட்டும் கேட்டாள். அம்மா சுண்டெலியின் கட்டிலைக் காட்டினாள்.

போன மாதம்கூட, எல்லாருக்கும் அம்மாவாக இருந்தால் எனக்கு யார் அம்மா என்று சண்டை போட்டவள்தான் பெரியவள். சுண்டெலியைப் பற்றிக் கேட்டால் என் பேனாவையெல்லாம் உடைக்கிறாள், கொண்டுபோய் எங்கேயாவது விடுங்கள் என்பாள். இப்போது நேரே வராந்தாவுக்குப் போனாள். அப்பா தடுப்பதற்குள் அதிகாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"சார், போன வாரம் தண்ணித் தொட்டி கழுவ ஒருத்தர் வந்தார். அவரையும் இவ இப்படித்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. அவரும் அழுதுட்டுத்தான் போனார். அவரோட அனுப்பியிருப்பீங்களா?"

அதிகாரிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கோபித்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வதைவிடப் பிள்ளையையே கேட்டுவிடலாம் என்றார். எல்லாரும் பெரிய அறைக்குப் போனார்கள்.

சுண்டெலி வந்தவளின் தோள்பை வாரைப் பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அவள் உயரத்துக்குக் குனிந்து, இந்த ஆன்ட்டியோட போறியா கண்ணு என்று கேட்டார்.

"போறேன்" என்றாள் சுண்டெலி. யோசிக்கவே இல்லை.

பெற்றவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி நிமிர்ந்து, இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல் பெரியவளைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்றுதான் அப்பாவும் நினைத்தார்.

சுண்டெலி அம்மாவிடம் திரும்பினாள்.

"சாயங்காலம் எப்பம்மா திரும்பி வரணும்? பால் குடிக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

விருந்தாளிகள் சில நேரம் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதுண்டு. மாலைப் பால் நேரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது வீட்டு ஒழுங்கு. அதைத்தான் கேட்டாள்.

அதிகாரி அம்மாவைப் பார்த்துக் கையைத் தாழ்த்திச் சைகை காட்டினார். இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம், வண்டியில் ஏறட்டும், அழாமல் போய்விடும் என்று அதற்குப் பொருள். அவர் சொன்னதிலும் கெட்ட எண்ணம் இல்லை.

ஆனால் அந்த வீட்டுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர், இதோ மிட்டாய் வாங்கிட்டு வந்துடுறேன், இங்கேயே நில்லு என்று யாரோ சொன்னதை நம்பி நின்றவர்கள். அதனால் அம்மா எதை வேண்டுமானாலும் மன்னிப்பாள், பிள்ளையிடம் பொய் சொல்வதை மன்னிக்க மாட்டாள். ஒருமுறை ஊசி போடக் கூட்டிப்போகும்போது, கடைக்குப் போகிறோம் என்று சொன்ன அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். இன்றைக்கு அந்தப் பொய் அவள் வாசலுக்கே வந்து, கொஞ்சம் சொல்லிவிடேன் என்று கெஞ்சியது.

அம்மா தரையில் மண்டியிட்டாள்.

"பூங்காவுக்கு இல்லடா. இவங்க விருந்தாளி இல்ல. உன்னைப் பெத்த அம்மா. உடம்பு சரியில்லாம இருந்தாங்க, இப்ப நல்லாயிட்டாங்க. உன்னைக் கூட்டிட்டுப் போய் அவங்க வீட்டுல வச்சுக்க வந்திருக்காங்க."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே."

சுண்டெலி அழவில்லை. அழுதிருந்தால் எல்லாருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை, பிறகு அம்மாவை. எட்டு ஊருக்குக் கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நான் நல்லா சுத்திக் காட்டலையாம்மா?"

"நல்லாத்தான்டா காட்டினே. ரொம்ப நல்லா காட்டினே."

"அப்புறம் ஏன் என்னை அனுப்புறீங்க?"

அம்மா அவள் கவுனின் மடிப்பை நீவிவிட்டாள். அப்பா நகர்ந்து வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். பெரியவள் கதவு நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

பெற்றவள்தான் பேசினாள். சுண்டெலிக்கு முன்னால் அவளும் தரையில் உட்கார்ந்தாள். முகத்தில் அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் இப்படித்தான் சுற்றிக் காட்டுவாயா என்று கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. இன்னைக்கு என் முறை."

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். சுண்டெலிக்கு என்ன தோன்றியதோ, பழக்கம்போல் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பெற்றவள் அதை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். குடித்துவிட்டு அதிகாரியைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, நான் அஞ்சு வருஷமா இந்த ஒரு நாளுக்காகத்தான் மாத்திரை முழுங்கினேன். கூட்டிட்டுப் போகட்டுமா, விட்டுட்டுப் போகட்டுமா? சார் சொல்ல வேணாம், நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

காலையிலிருந்து எல்லாரும் அம்மாவிடம் வந்து சொன்னார்களே தவிர, ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. புருஷன் சொன்னார், அதிகாரி சொன்னார், தொலைபேசியில் எங்கேயோ இருந்து ஒரு குரல் சொன்னது. யாராவது என்னைக் கேளுங்களேன் என்று அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். இப்போது கேட்டுவிட்டாள் ஒருத்தி. விட்டுட்டுப் போம்மா என்று இரண்டு வார்த்தை, வாயைத் திறந்தால் போதும்.

சுண்டெலி இருவருக்கும் நடுவில் காலி டம்ளரோடு நின்றாள். ஒரே மாதிரி அழுதுகொண்டிருந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பது அடுத்த வாரம்.